139-உம் 108-உம்

சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஊர் திரும்பும் ரயிலைப் பற்றிக் கேட்க 139. அருவிக்கரைப் பாறையில் வழுக்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 108. இரண்டும் மூன்றிலக்க எண்கள், இரண்டிலும் தமிழ் உண்டு. ஆனால் முதலாவதில் பேசத் தொடங்குவது பதிவுக் குரல், இரண்டாவதில் ஓர் ஆள்.

ரயில்வே பல உதவி எண்களை வைத்திருந்தது. 2020 ஜனவரியில் அவற்றை 139-க்குள் கொண்டுவந்தார்கள்; தனியாக நின்ற பாதுகாப்பு எண் 182-உம் 2021 ஏப்ரலில் அதில் கரைந்தது. மொழியைத் தேர்ந்ததும் பட்டியல் வாசிக்கப்படும். பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1, விசாரணைக்கு 2, பொதுப் புகாருக்கு 4 என்று அது நீளும். வரிசையைப் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஆபத்தில் இருப்பவர் ஆறாவது எண் வரை காதில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். 1-ஐ அழுத்தினால் நேரே ஆளிடம் போகும். மற்றவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறியை அழுத்த வேண்டும்.

2-இல் எந்திரத்தின் சாமர்த்தியம் தெரியும். பிஎன்ஆர் பத்து இலக்கம், ரயில் எண் ஐந்து இலக்கம். செங்கோட்டையிலிருந்து சென்னை போகும் பொதிகைக்கு 12662. எண்ணைக் கொடுத்தால் பதில் கணினியில் இருக்கிறது. இடையில் ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்மார்ட்போனும் தேவையில்லை. பட்டனை அழுத்தினால் இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும், அவற்றை வைத்தே மறுமுனை எண்ணைக் கண்டுகொள்ளும். அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1963-இல் மக்களுக்குக் கொடுத்த ஏற்பாடு இது. பாட்டி கையிலிருக்கும் சின்ன பட்டன் போனிலும் இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

ஆனால் கேள்வி எண்ணுக்குள் அடங்காதபோது? "மலையில மண் சரிஞ்சு கிடக்காமே, புனலூர் பக்கம் வண்டி போகுமா?" இதற்கென்று தனிப் பட்டன் கிடையாது; நட்சத்திரக் குறியை அழுத்தி ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

108-க்கு வருவோம். தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கும் இந்தச் சேவையில் கேள்விகளை ஆள்தான் கேட்கிறார். குற்றாலத்தில் இதன் அருமை புரியும். "அருவிப் பக்கம் ஒருத்தர் விழுந்துட்டாரு" என்றால் எந்த அருவி? பேரருவியா, ஐந்தருவியா, பழைய குற்றாலமா, புலியருவியா, சிற்றருவியா? வெளியூர்க்காரருக்குப் பெயர்கூடத் தெரியாமலிருக்கலாம். "தண்ணி அஞ்சு கிளையா விழுதா? பக்கத்துல கோயில் இருக்கா?" என்று திருப்பிக் கேட்க முடிந்தவருக்கு இடம் பிடிபட்டுவிடும். கோயிலை ஒட்டி விழுவது பேரருவி. பட்டியல் வாசிக்கும் குரலுக்கு இப்படிக் கேட்கத் தெரியாது.

இதற்கு 108 கொடுக்கும் விலை உண்டு. ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பைத்தான் எடுக்க முடியும். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களும் அவரிடம்தான் வந்து விழுகிறார்கள். வடிகட்ட முன்னால் எந்திரம் இல்லை. இருந்தும் அப்படியே விட்டிருப்பது சரியான முடிவு.

இதுவரை சொன்னதை வைத்து ஆள் நல்லவர், எந்திரம் கெட்டது என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையான வேறுபாடு, அழைப்பு கைமாறும் இடத்தில் இருக்கிறது.

"லைனை மாத்தி விடுறேன்" என்பதில் இரண்டு வகை உண்டு. அழைப்பைத் தள்ளிவிட்டு முதலாமவர் விலகிக்கொள்வது ஒன்று. அடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, மூவரும் ஒரே லைனில் இருக்க ஒப்படைத்துவிட்டுப் போவது மற்றொன்று. 108-இல் நடப்பது இரண்டாவது. இடமும் காயமும் எழுதிக்கொள்ளப்படுகின்றன. பிறகு ஆம்புலன்ஸ் ஊழியரையும் அழைத்தவரையும் ஒரே அழைப்பில் இணைக்கிறார்கள். விழுந்த கதையை அழைத்தவர் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

வங்கி, காப்பீடு, கைபேசிச் சேவை என்று நாம் அன்றாடம் மல்லுக்கட்டும் பல தானியங்கிக் குரல்களில் முதல் வகைதான் நடக்கிறது. பதினாறு இலக்க அட்டை எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தியிருப்போம். கடைசியில் கிடைத்த ஆள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க கார்டு நம்பர் சொல்லுங்க சார்." அவரைக் கோபித்துப் பயனில்லை. நாம் அழுத்திய எண் குரல் எந்திரத்தில் பத்திரமாக இருக்கிறது; அதை அவர் திரைக்குக் கொண்டுபோகும் இணைப்பைத்தான் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அழைப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது, விவரம் பின்தங்கிவிடுகிறது. இந்த இணைப்பு புதுமையும் அல்ல. அழைப்பு வரும்போதே அழைப்பவரின் விவரம் திரையில் விழும் நுட்பம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பதுதான்.

ஆகவே ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்று சொல்ல எந்திரமே போதும். சொல்லப்போனால், ஆளைவிட அது மேல். எண்ணுக்குள் அடங்காததற்கு ஆள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது ஏற்கெனவே சொன்னதும் கூடவே போக வேண்டும். இந்த ஒப்படைப்பில் 108 தேறியிருக்கிறது. நம் வாடிக்கையாளர் சேவைக் குரல்களில் பல தேறவில்லை.

குற்றாலம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த அருவியில் குளிக்கப் போகிறீர்கள் என்பதை இறங்கும் முன்பே பெயரோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் 139-ஐ அழைத்து, பட்டியல் முடியக் காத்திராமல் 1-ஐ அழுத்துங்கள்.