கோடும் தட்டும்: ஆரம்பக் கல்வியில் உடலுணர்வும் வெளியுணர்வும் – தெஹிவளையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

எமது ஆரம்பக் கல்வியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மொழியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பாடநூலையும் பரீட்சையையும் பற்றியுமே எழுதியுள்ளனர். பிள்ளையின் கையும் காலும் பாடசாலையில் எதைக் கற்றன என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. உடற்கல்வி என்றதும் இல்ல விளையாட்டுப் போட்டியும் வெற்றிக் கிண்ணமும் நினைவுக்கு வருமளவிற்கு, ஆறு வயதுப் பிள்ளை தன் உடலைத் தானே அறியும் நிகழ்வு நினைவுக்கு வருவதில்லை. இக்கட்டுரை அந்நிகழ்வை வரலாற்று நோக்கில் அணுக முனைகின்றது.

உடலுணர்வு என்பதால் நாம் கருதுவது, கண்ணால் பாராமலே தன் உறுப்பு எங்கே உள்ளது, எந்நிலையில் உள்ளது, எவ்வளவு தூரம் எட்டும் என அறியும் ஆற்றலை. தசையிலும் மூட்டிலும் இருந்து எழும் இவ்வுணர்வுக்கு 1906இல் தனிப் பெயரிட்டுக் கண்பார்வை, கேள்வி முதலியவற்றினின்று பிரித்துக் காட்டியவர் ஆங்கில உடற்றொழிலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் ஆவார். வெளியுணர்வு என்பது தன்னைச் சூழவுள்ள இடத்தையும், அவ்விடத்தில் அசையும் பிறரையும், அவர்களுக்கும் தனக்கும் உள்ள தொலைவையும் கணிக்கும் ஆற்றல். எமது பிள்ளைகள் இவ்விரண்டையும் நெடுங்காலமாகப் பாடசாலைக்கு வெளியிலேயே கற்றனர். பாடசாலை கற்பித்ததோ பெரும்பாலும் ஆடாது அசையாது நிற்பதையே. வெளியே இருந்த அந்தப் பள்ளி, குறைந்தபட்சம் தெஹிவளை, வெள்ளவத்தை போன்ற இடங்களிலேனும், இன்று ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது என்பதே எமது வாதத்தின் மையம்.

பாடசாலையினுள் உடலுக்கு இருந்த இடத்தை முதலில் நோக்குவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி என்ற ஒன்று தனியாக இருக்கவில்லை. எனினும் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, எழுத்தின் வளைவைக் கண்ணால் மட்டுமன்றி மணிக்கட்டாலும் தோளாலும் கற்றது என்பதை நாம் மறத்தலாகாது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டு, பெறுபேற்றைப் பொறுத்து நன்கொடை வழங்கும் முறை வந்தபோது, வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றுமே பணம் ஈட்டும் பாடங்களாயின. உடல் எதனையும் ஈட்டித் தரவில்லை.

பின்னர் உடல் பாடசாலைக்குள் நுழைந்தபோதும் படைவீரனின் உருவிலேயே நுழைந்தது. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சி ஆரம்பமானது. இங்கிலாந்திலேயே அக்காலத்தில் இதுதான் நிலை. போவர் யுத்தத்திற்கு (1899–1902) ஆட்சேர்க்க முயன்றபோது தொழிலாள வர்க்க இளைஞர் பலரின் உடல் தகுதியற்றிருந்தமை கண்டு அதிர்ந்த ஆங்கில அரசு, 1902இல் பாடசாலைகளுக்கென ஒரு மாதிரித் தேகப்பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. அது யுத்த அலுவலகத்தின் துணையுடன், இராணுவப் பயிற்சியைத் தழுவி ஆக்கப்பட்டது. சிறுவரைச் சிறிய சிப்பாய்களாகக் கொண்ட இத்திட்டம் கண்டனத்துக்குள்ளாகவே, 1904இல் வேறொரு பாடத்திட்டம் வந்தது. இப்புதிய திட்டமும் அதன் வழிவந்தவையும் சுவீடனைச் சேர்ந்த பேர் ஹென்ரிக் லிங் (1776–1839) வகுத்த முறையின் சாயலைக் கொண்டவை: வரிசையாக நில், கட்டளைக்குக் கையை உயர்த்து, எண்ணிக்கைக்குத் தாழ்த்து. குடியேற்ற நாடுகளின் கல்வி அதிகாரிகளுக்கு இதனினும் வாய்ப்பான முறை வேறு இருந்திருக்க முடியாது. இடம் வேண்டாம், உபகரணம் வேண்டாம். அறுபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும். ஒழுங்கும் உடன் கிடைக்கும். 'டிரில்' என்ற சொல் எமது பேச்சுமொழியில் இன்றும் வழங்குவது தற்செயலன்று.

இங்கு ஒரு சிறு குறிப்பு. பிள்ளைகளை நோக்கி நிற்கும் ஆசிரியர் தம் வலக்கையை உயர்த்துகிறார், எதிரே நிற்கும் பிள்ளை, கண்ணாடியில் காண்பதுபோல, இடக்கையை உயர்த்துகிறது, ஏச்சு வாங்குகிறது. தன் இடம் வலத்தை அறிந்த பிள்ளைக்கு எதிரே நிற்பவரின் இடம் வலம் புலப்படுவதற்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும் என்பதைப் பியாஜே எடுத்துக் காட்டினார். பிழை பிள்ளையினது அன்று. ஆசிரியர் ஒருகணம் திரும்பி நின்றிருந்தால் போதும்.

மறுபுறம், மேட்டுக்குடியினரின் பாடசாலைகளில் உடலுக்கு வேறு வரலாறு இருந்தது. புனித தோமையர் கல்லூரி 1918இல் முகத்துவாரத்திலிருந்து கல்கிசைக்கு, அதாவது தெஹிவளையின் தெற்கு அயலுக்கு, இடம்மாறியது. கடலோரத்தே அதற்கு விரிந்த மைதானம் கிடைத்தது. அங்கு கிரிக்கெட் ஆடிய சிறுவன் வெளியைக் கையாளக் கற்றான்: களத்தில் எங்கே நிற்பது, பந்து எங்கே விழும், எவரை எங்கே நிறுத்துவது. ஆளப் பிறந்தோர் எனக் கருதப்பட்டோருக்கு விளையாட்டும், ஆளப்படுவோருக்குத் தேகப்பயிற்சியும் என்ற இப்பிரிவினை வர்க்கப் பிரிவினையின் உடல்வழிப் பதிப்பே எனலாம். 1945இல் வந்த இலவசக் கல்வி வகுப்பறையின் கதவைத் திறந்தது. மைதானத்தை அது பங்கிடவில்லை.

ஆயினும் சுயமொழிப் பாடசாலைப் பிள்ளை வெளியறிவு அற்றிருக்கவில்லை. அப்பிள்ளையின் உடற்கல்வி நடைபெற்ற இடம் வளவும் ஒழுங்கையும் கோயில் வீதியும். இங்கு நாம் சற்று நின்று நோக்குதல் தகும்.

கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். நீள்சதுரமாகக் கோடு கீறி, நடுவே நெடுங்கோடு ஒன்றும், அதனைக் குறுக்கறுத்துப் பல கோடுகளும் இடுவர். இவற்றால் உண்டாகும் கட்டங்களே தட்டுகள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் மறிப்பவர் ஒருவர் நிற்பார். அக்கோட்டின்மீது பக்கவாட்டில் மட்டுமே அவர் அசையலாம். 'கிளி' எனப்படுபவர் மாத்திரம் நடுக்கோட்டிலும் ஓரக்கோடுகளிலும் ஓடித் திரியலாம். எதிரணியினர் தொடப்படாமல் தட்டுத் தட்டாகக் கடந்து சென்று மீளவேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். அடிப்படை இதுவே.

இவ்விளையாட்டில் மறிப்பவர் கீழே கோட்டைப் பார்ப்பதில்லை; பார்த்தால் எதிரி கடந்துவிடுவான். கோடு எங்கே என்பதைப் பாதமே அறியவேண்டும். தன் கை எவ்வளவு எட்டும் என்பதைத் தோள் அறியவேண்டும். கடப்பவனோ மறிப்பவரின் தோள் சாயும் திசையைக் கண்டு மறுதிசையில் பாய்கிறான், அல்லது ஒருபுறம் போக்குக் காட்டி மறுபுறம் நழுவுகிறான். அதே கணத்தில் முதுகுப்புறம் கிளி எங்கே வருகிறது என்பதையும் கணித்துக்கொள்கிறான். ஒருவர் எல்லாக் கண்களையும் தம்பக்கம் ஈர்த்து நிற்க, மற்றவர் கடந்து செல்வதும் உண்டு. முன், பின், பக்கம், உள், வெளி, அண்மை, சேய்மை, தனியே, கூட்டாக என்பன யாவும் ஒரே ஆட்டத்தில், எவரும் கற்பியாமலே கற்கப்படுகின்றன.

எட்டுக்கோடு இதனினும் நுண்மையானது. ஓட்டுத் துண்டைக் கட்டத்தில் எறிந்து, ஒற்றைக்காலில் கெந்திச் சென்று, கோடு மிதியாமல் மீள்வது உடற்சமநிலைக்கான பயிற்சி. பின்னர் ஒரு கட்டம் வரும்: கண்ணை மூடியபடி, ஒவ்வோர் அடியாக வைத்து, 'சரியா?' எனக் கேட்டுக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் கடத்தல். ஷெரிங்டன் ஆய்வுகூடத்தில் பிரித்தறிந்த உணர்வை, எமது சிறுமியர் வீட்டு முற்றத்தில் கரித்துண்டால் கீறிய கட்டங்களில் பரிசோதித்துக்கொண்டிருந்தனர் என்று கூறுவது மிகையாகாது. ஆனால் சிறுமியர் என்பதையும் அழுத்திக் கூறவேண்டும். எட்டுக்கோடும் கொக்கான் வெட்டுதலும் முற்றத்துள் அடங்குவன. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் வெளியே பரந்து செல்வன. பெண்பிள்ளை பருவமடைந்ததும் அந்த முற்றமும் சுருங்கியது. நாட்டார் விளையாட்டைப் பொற்காலமாகப் போற்றுவோர் இதனைக் காண்பதில்லை.

இவ்விளையாட்டுகளைப் பதிவுசெய்தோரும் இருந்தனர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' பற்றிய ஆங்கில நூலில் சிங்கள மக்களின் விளையாட்டுகளுக்கு இடமளித்தார். தமிழகத்தில் தேவநேயப் பாவாணர் 1954இல் தமிழ்நாட்டு விளையாட்டுகளை ஆடுவோரின் பால், பகல், இரவு என வகுத்துத் தொகுத்தார். எனினும் தொல்பொருளாகவும் பண்பாட்டுச் செல்வமாகவும் மதிக்கப்பட்ட இவை கற்பித்தல் முறையாக மதிக்கப்படவில்லை. நூலகத்தினுள் புகுந்த கிளித்தட்டு பாட நேரசூசியினுள் புகவில்லை.

இதே காலப்பகுதியில் மேலைநாட்டுக் கல்வியாளர் கட்டளைப் பயிற்சியிலிருந்து விலகத் தொடங்கியிருந்தனர். 1938இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த றூடொல்ஃப் லாபன், அசைவை நான்கு வினாக்களாக வகுத்தார்: உடலின் எப்பகுதி அசைகிறது, வெளியில் எங்கே அசைகிறது, எத்தகைய முயற்சியுடன் அசைகிறது, யாருடன் அல்லது எதனுடன் தொடர்புற்று அசைகிறது. அவரது கருத்துகளின் செல்வாக்கில் ஆங்கிலக் கல்வி அமைச்சு 1952இலும் 1953இலும் வெளியிட்ட இரு கைந்நூல்கள் 1933ஆம் ஆண்டுத் தேகப்பயிற்சிப் பாடத்திட்டத்தின் இடத்தைப் பிடித்தன. பிள்ளை கைநீட்டி எட்டக்கூடிய 'தன்வெளி', எல்லோரும் பகிரும் 'பொதுவெளி' என்ற பாகுபாடு அங்கிருந்தே உலகின் ஆரம்ப வகுப்புகளுக்குப் பரவிற்று. 1948இல் பியாஜேயும் இன்ஹெல்டரும், பிள்ளை முதலில் அறிவது நீளத்தையும் கோணத்தையும் அல்ல, அருகு, உள், வெளி, எல்லை, ஒழுங்கு ஆகிய உறவுகளையே எனக் காட்டினர். கிளித்தட்டின் தட்டுகள் இவ்வுறவுகளாலேயே ஆனவை என்பதை நாம் மீண்டும் விளக்கவேண்டியதில்லை.

இலங்கைக்கும் ஒரு வாய்ப்பு நேரில் வந்தது. 1939 முதல் இந்தியாவில் தங்கியிருந்த மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். நிலத்தில் கீறிய நீள்வட்டக் கோட்டின்மீது, கையில் ஒரு பொருளை ஏந்தி, தடுமாறாது நடத்தல் அவரது முறையின் முக்கிய பயிற்சிகளுள் ஒன்று. பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. கட்டணம் வாங்கும் பாலர் பள்ளி எதற்கும் கொழும்பில் 'மொண்டிசோரி' என்பதே பெயராயிற்று. பெயர் நிலைத்தது, கோடு பல இடங்களில் அழிந்தது.

இனித் தெஹிவளைக்கு வருவோம். காலி வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையே கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளும், கிழக்கே உள்ளொடுங்கிய வளவுகளும் கொண்ட இப்பகுதியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் அயலவராக வாழ்ந்தனர். சுயமொழிக் கல்வி பிள்ளைகளை மொழிவாரியாக வகுப்பறைகளில் பிரித்தது. அதன் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாலையில் ஒழுங்கையில் கூடுவதற்கு மொழி தடையாக இருக்கவில்லை. தொட்டால் தொட்டதே, அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழரின் வீடுகள் எரிக்கப்பட்டு, அம்மக்கள் இரத்மலானை விமான நிலையம் முதலிய இடங்களில் அகதிகளாய் ஒதுங்கியபோது, இடிந்தவற்றுள் இந்த மாலைநேரமும் ஒன்று. அதன் பின்னர் தெருவில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டார் கற்பித்த வெளியுணர்வு வேறு வகையினது: எங்கே உரக்கப் பேசலாகாது, எந்தச் சந்தியைச் சுற்றிச் செல்லவேண்டும், சோதனைச் சாவடியில் கையை எங்கே வைத்திருக்கவேண்டும். அதுவும் உடலுணர்வே, ஆனால் எந்தப் பாடத்திட்டமும் விரும்பத்தகாத ஒன்று.

யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் விடுதிகளிலும் தொடர்மாடிகளிலும் குடியேறினர். நிலத்தின் விலை ஏற வளவுகள் மாடிகளாயின. முற்றங்கள் வாகனத் தரிப்பிடங்களாயின. பாடசாலை விட்டதும் ரியூட்டரி. அதன் முடிவில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை. 2009இல் யுத்தம் ஓய்ந்தபோது அச்சம் குறைந்தது. ஆனால் ஆடுவதற்கு ஒழுங்கை இருக்கவில்லை.

அரச கல்விச் சீர்திருத்தங்கள் இவ்விடைவெளியை அறியாதிருந்தன என்று கூறுதல் நியாயமன்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தைக் கொணர்ந்தது. 1997இன் சீர்திருத்தம் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் கற்பித்தல் முறைகளாக ஏற்று, முதலிரு தரங்களில் விளையாட்டுக்குக் கூடிய இடத்தை ஒதுக்கிற்று. முற்போக்கான இவ்வேற்பாட்டில் ஒரு குறை உண்டு. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற நான்கு பிரதான பாடங்களுள் உடற்கல்வி இல்லை. அது பிறவற்றுடன் சேர்ந்து வரும் ஒன்று; சேர்ந்து வருவது நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது. தரம் ஏற ஏற விளையாட்டு குறைந்து எழுத்துவேலை கூடுவது திட்டத்தின்படியே. புலமைப்பரிசில் பரீட்சை அத்தேய்வை மேலும் விரைவுபடுத்துகிறது. வெளியே கற்கும் வாய்ப்புள்ள பிள்ளைக்கு இதனால் இழப்புக் குறைவு. நீச்சலுக்கும் நடனத்துக்கும் கட்டணம் செலுத்தக்கூடியவரின் பிள்ளைக்கும் குறைவு. எஞ்சியோருக்குப் பாடசாலை முற்றமே ஒரே வெளி.

அண்மையில் தெஹிவளையில் ஒரு பாடசாலையின் சீமெந்து முற்றத்தில் இரண்டாந்தரப் பிள்ளைகள் கிளித்தட்டு ஆடக் கண்டோம். ஆசிரியை சோக்கினால் மூன்று குறுக்குக் கோடுகளே இட்டிருந்தார், அதற்குமேல் இடமில்லை. முதல் ஆட்டத்தில் மறித்தோர் எல்லோரும் தத்தம் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றனர்; கடந்தோர் ஒருவர்மேல் ஒருவர் மோதினர். தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வசிப்பதாகக் கூறிய ஒரு சிறுமி கோட்டை விட்டு அசையவேயில்லை. நான்காம் ஆட்டத்தில் அவள் எதிரே வந்தவனின் முகத்தைப் பார்த்தாள். ஆறாவதில் பாராமலே கோட்டில் நகர்ந்து அவன் தோளைத் தொட்டாள். ஆசிரியை ஆட்டத்தை நிறுத்தி, மறிப்போருள் மிகச் சிறியவனை அழைத்து, இரு கைகளையும் விரித்து நிற்கச் செய்து, அவ்வளவைக்கொண்டு தட்டுகளின் அகலத்தை அழித்து மீண்டும் கீறினார்.