பீனைல்கீட்டோன்யூரியா

புரதத்திலுள்ள பீனைலலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி குறைவதால் வரும், பெற்றோர் இருவர் வழியாகவும் கடத்தப்படும் பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு. தேங்கும் அமிலம் வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய உடன்பிறப்புகள் இருவரின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்தபோது அது பச்சையாவதைக் கண்டு இந்நோயை இனங்கண்டார். 1950களில் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழு பீனைலலனின் குறைத்த உணவால் பலன் கண்டது. 1960களில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில சொட்டு இரத்தத்திலேயே நோயறியும் சோதனையைத் தந்தார்.

மூளை வளர்ந்தபின் பத்தியம் வேண்டாம் என்றே முன்பு பல மருத்துவர்கள் கருதினர். பெருஞ்சேதம் மழலைப் பருவத்தில்தான் நேர்கிறது என்பதால் அக்கருத்து அடிப்படையற்றதல்ல, ஆயினும் போதாதது. பத்தியத்தை விட்ட பெரியவர்களிடம் கவனக்குறைவும் மனச்சோர்வும் பதிவாகியுள்ளன. இதைவிட வலுவான சான்று கர்ப்பகாலத்தில் கிடைக்கிறது: தாயின் இரத்தத்தில் பீனைலலனின் மிகுந்தால், நோயில்லாத சிசுவுக்கும் சிறுதலையும் இதயக்கோளாறும் ஏற்படலாம். பால், முட்டை, இறைச்சி, பருப்பு அனைத்தையும் ஆயுள் முழுதும் தவிர்ப்பது கடினம் என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் அது எளிய சிகிச்சையைத் தேடுவதற்கான காரணமே தவிர, சிகிச்சையை நிறுத்துவதற்கானது அல்ல. சாப்ரோப்டெரின் மாத்திரை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பயன்படுகிறது. பெரியவர்களுக்கான பெக்வாலியேஸ் ஊசி 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.