கூப்பிடு தூரத்தில் வேலை: கண்ணகி நகர் இளைஞரை முன்வைத்து

ஏழைக் குடியிருப்புகளின் வேலையின்மைக்கு நகரியல் ஆய்வாளர்கள் தூரத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். தொழிற்சாலைகள் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களின் புறநகர்களுக்குப் பெயர்ந்தபோது, உள்நகரில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் வேலை இழந்தனர் என்று 1968இல் பொருளியலாளர் ஜான் கெய்ன் வாதிட்டார். சென்னைக் கண்ணகி நகரை இந்த வாதத்துக்குள் அடக்க முடியவில்லை. உள்நகரக் கால்வாய்க் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000ஆம் ஆண்டு முதல் அரசு இங்கே குடியேற்றியது. 15,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். அவற்றை ஒட்டியே மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை. அந்தக் கட்டடங்களுக்குள் இங்குள்ளவர்கள் போகத்தான் செய்கிறார்கள்: ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் வேலைக்கு. அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக.

இளைஞரிடம் திறன் இல்லை என்பதே அரசுத் திட்டங்கள் தரும் விளக்கம். இடப்பெயர்வில் இவர்கள் இழந்தது அறிமுகங்களை என்பது என் வாதம். உள்நகரில் குடியிருந்த காலத்தில் படிப்பை விட்ட பையனை மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ புதுப்பேட்டை உதிரிபாகக் கடையிலோ திருவல்லிக்கேணி அச்சகத்திலோ சேர்த்துவிடுவது சாதாரணம். 'நம்ம பையன், நான் பார்த்துக்கிறேன்' என்ற ஒரு சொல் போதும். சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நெருங்கிய உறவைவிட மேலோட்டமான பழக்கமே பெரும்பாலும் வேலைச் செய்தியைக் கொண்டுவருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதியது இதற்கும் பொருந்தும். மறுகுடியமர்வு அந்தப் பழக்கங்களைத்தான் அறுத்தது. எல்லோரும் ஒரே நிலையில் இருக்கும் குடியிருப்பில் உறவுக்குக் குறைவில்லை. யாரிடம் போய் வேலை கேட்பது என்பதுதான் தெரியாது. வர்க்கம் கடந்த நட்பு மிகுந்த ஊர்களில் ஏழைக் குழந்தைகள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்று பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் 2022ஆம் ஆண்டு ஆய்வும் சொல்கிறது. அது அமெரிக்கத் தரவு என்பதை மறக்கக் கூடாது. இங்கே அகற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். சாதியைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் நட்பைப் பற்றிப் பேசுவது அரைகுறை ஆய்வாகவே முடியும்.

முகவரியும் ஒரு தடை. கண்ணகி நகர் என்பது குற்றச் செய்திகளோடே அடிபட்டுவந்த பெயர் என்பதால், அதை விட்டுவிட்டு, அது அமைந்திருக்கும் பகுதியான 'துரைப்பாக்கம்' என்று மட்டும் பயோடேட்டாவில் எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் மருந்து கிடையாது.

பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவது உண்மையான குறைதான். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் கல்லூரி மாணவருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் பயிற்சி முதலில், வேலை பிறகு என்ற வரிசை, கடைசிப் படியில் கைகொடுக்க ஆள் இல்லாதவரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. வரிசையை மாற்றுவதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகள்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும். அதில் ஒரு பங்கைச் சுற்றுவட்டார மறுகுடியிருப்புகளுக்கு ஒதுக்கும்படி ஓ.எம்.ஆர். நிறுவனங்களைக் கேட்கலாம்: ஏ.சி., லிப்ட் பராமரிப்பு, நெட்வொர்க், கணக்குப் பிரிவு போன்ற பணிகளில். ஹவுஸ்கீப்பிங்கை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பழகுநர் உதவித்தொகையை மாதக் கடைசியில் கொடுத்தால் பாதிப் பேர் நிற்க மாட்டார்கள். உணவு டெலிவரிக்கு இளைஞர்கள் ஓடுவதைச் சோம்பல் என்றும் பொறுமையின்மை என்றும் பேசுகிறோம். அங்கே வாராவாரம் பணம் வருகிறது, வீட்டில் வாங்கிய கடனையும் வாராவாரம்தான் கட்ட வேண்டியிருக்கிறது. பழகுநர் தொகையும் வாரக் கணக்கில் வர வேண்டும். வழங்கிய சான்றிதழ்களை எண்ணுவதை விட்டு, ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே பணியில் நீடிக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். வீடுவாரியான பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பை வாரியமே தொடங்கலாம்.