சர்க்கார் கெஜட்டும் ஒரு வக்கீலும்: வி.ஜி. ராவ் வழக்கை முன்வைத்து

சிவில் உரிமைகளின் வரலாறு நம்மிடையே நீதிபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மனுப் போட்டவன் யார், எதற்குப் போட்டான் என்று யாரும் கேட்பதில்லை. சென்னை வழக்கறிஞர் வி.ஜி. ராவ் அப்படி விடுபட்டுப்போன ஒருவர்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை மாதம்தான். 1950 மார்ச் 10இல் சென்னை அரசு, ராவ் பொதுச்செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என அறிவித்தது. சமூக விஞ்ஞானமும் அரசியல் கல்வியும் பரப்ப 1947இல் பதிவான சங்கம். அதன் பணம் கம்யூனிஸ்ட் பிரச்சாரத்துக்குப் போகிறது என்றது சர்க்கார். அதற்கு முந்திய மாதம்தான் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதை மறந்துவிட்டு இந்த ஆணையை வாசிக்க முடியாது. பயன்பட்ட கருவி 1908ஆம் ஆண்டுச் சட்டம். காங்கிரஸ்காரனை உள்ளே தள்ள வெள்ளைக்காரன் வைத்திருந்ததைத்தான் காங்கிரஸ் சர்க்கார் திருத்திக் கையில் எடுத்தது.

திருத்தத்தின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். தடை ஆணையை ஆளிடம் நேரில் கொடுக்க வேண்டியதில்லை, கெஜட்டில் போட்டால் போதும். கெஜட்டை எவன் வாசிக்கிறான்? ஆனால் தடைசெய்யப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே ஆறு மாதம் வரை ஜெயில். ஆட்சேபத்தை ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும், ஆனால் ஆட்சேபித்தவர் அதன்முன் நின்று வாதாட முடியாது.

ஏப்ரலில் ராவ் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். செப்டம்பர் 14இல் ஜெயித்தார். சர்க்கார் விடவில்லை. 1952 மார்ச் 31இல் உச்சநீதிமன்றமும் அப்பீலைத் தள்ளியது. அரசின் மனத்திருப்தியும் ஒருதலையான குழு விசாரணையும் 'நியாயமான கட்டுப்பாடு' ஆகாது, காரணங்களை நீதிமன்றம் சோதித்தாக வேண்டும் என்றது.

தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரிதான் 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் தடுப்புக்காவலை ஏற்ற பெரும்பான்மையிலும் இருந்தவர். தடுப்புக்காவல் வருங்காலம் பற்றிய சந்தேகம், சங்கத் தடையோ நடந்த விஷயம், அதைச் சோதிக்கலாம் என்று வேறுபடுத்தினார். சங்கத்துக்கு ஒரு தராசு, ஆளுக்கு ஒரு தராசு என்றுதான் எனக்குப் படுகிறது.

1967இன் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் தீர்ப்பாயம் ஒன்று வந்ததை ராவ் வழக்கின் நிழலில்தான் புரிந்துகொள்ள முடியும். அதே சட்டத்தை 2019இல் திருத்தித் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அட்டவணையில் சேர்க்க வழி செய்தார்கள். அவர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பாயம் கிடையாது. முதலில் கெஜட்டில் பெயர் வரும். பிறகு பெயரை எடுக்கச் சொல்லி அதே மத்திய அரசிடம் அவர் மனுப் போட வேண்டும். அது மறுத்தால்தான் மறுஆய்வுக் குழு.