கலங்குட்: குறுகிவரும் கரை

கோவாவின் கலங்குட்டைச் சுற்றுலாத் தலமாக மட்டும் காணும் களஆய்வு, விடுதிகளையும் பயணிகளையும் எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. 1960களின் இறுதியில் ஹிப்பிகள் வருவதற்கு முன்பே அம்மணல் ஒரு வேலைக்களம். ‘ரம்பொண்’ எனும் கரைவலையைப் பலர் கூடி இழுப்பதற்கும், வலையையும் மீனையும் உலர்த்துவதற்கும் அகன்ற திறந்தவெளி வேண்டும். 1970களில் இம்மீனவர்கள் இழுவைப்படகுகளை எதிர்த்துப் போராடியது கடலுக்காக. கரைக்கான நெருக்கடியைக் கொணர்ந்தது சுற்றுலா.

சட்டம் இக்கரையை மீட்டரில் அளந்தது. உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் 200 மீட்டருக்கு அப்பால் அனுமதியோடு விடுதிகளை ஏற்றது. 2019இல் வெளியான அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அவ்வெல்லையை 50 மீட்டராகக் குறைத்தது.

மீன் உலர்த்தவும் வலை செப்பனிடவும் அறிவிக்கையில் அனுமதி உண்டு. எனினும் அனுமதி என்பது இடத்துக்கான உறுதி அன்று. 50 மீட்டருக்குள் வலைக்கும் சாய்வுநாற்காலிக்கும் போட்டி எழும்போது, வாடகை தருவது எதுவோ அதுவே வெல்லும்.

ஆகவே, கடற்கரை நகரங்களில் களஆய்வு செய்யும் மாணவர்கள், விடுதிகளை எண்ணுமுன் வலைகள் உலர்ந்த இடங்களை முதியோரிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்கட்டும். சுற்றுலாவின் தாக்கத்தை அளக்க அதுவே அடிக்கோடு.