தென்காசித் தனித் தொகுதியும் எல்லைக் கோட்டின் வழக்கும்

கடையநல்லூரிலிருந்து வடக்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்களைக் கடந்து இராஜபாளையம் செல்லும் பிரயாணி, வழியில் தென்காசி மாவட்டத்தை விட்டு விருதுநகர் மாவட்டத்துக்குள் பிரவேசித்துவிடுகிறார். ஆயினும் பாராளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை அவர் தென்காசித் தொகுதியை விட்டு ஓரடியும் நகர்ந்தவரல்லர். அவரே கிழக்கே ஆலங்குளம் சென்றாலோ, சொந்த மாவட்டத்துக்குள் இருந்துகொண்டே திருநெல்வேலித் தொகுதிக்குள் புகுந்துவிடுகிறார். 2008-இல் அமலுக்கு வந்த தொகுதி மறுவரையறையும், 2019 நவம்பர் 22-இல் உதயமான புது மாவட்டமும் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல் பிறந்தமையால் நேர்ந்த விநோதம் இது. இக்கோடுகளைக் குறித்துச் சாமானியப் பிரஜை எங்கே சென்று முறையிடலாம் என்ற வினாவுக்கு நம் தேசத்தில் நீண்டதொரு சரித்திரம் உண்டு. அதில் ஓர் அத்தியாயம் தென்காசியின் பெயராலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரியின் கையொப்பம் பெற்ற தொகுதிப் படமொன்று சாலமாண்டர் என்னும் பிராணியைப் போல வளைந்து கிடந்ததைக் கண்டு பத்திரிகைகள் பரிகசித்ததிலிருந்து, கட்சிக்கு அநுகூலமாகத் தொகுதியைக் கத்தரிக்கும் வழக்கத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. அங்கே சட்டசபைகளே கோடு வரைந்தன. ஆகவே எழுதுகோலை அவற்றின் கையிலிருந்து பறிப்பதே பிரஜைகளின் இயக்கமாயிற்று. அரிசோனா 2000-லும், கலிபோர்னியா 2008-லும், மிச்சிகன் 2018-லும் பொதுஜன வாக்கெடுப்பின் மூலமே தனி ஆணையங்களை அமைத்துக்கொண்டன. நம் நாட்டிலோ 1952-ஆம் ஆண்டுத் தொகுதி வரையறைச் சட்டமே அவ்வெழுதுகோலைச் சுயேச்சையானதோர் ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டது. 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் அவ்வழியையே பின்பற்றின. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக அமரலாமேயன்றி, அவர்களுக்கு அங்கே வாக்குரிமை கிடையாது. இறுதி ஆணையைப் பாராளுமன்றமும் திருத்த இயலாது.

ஆனால் அரசியல்வாதியைத் தடுக்க எழுப்பிய மதில் பிரஜையையும் தடுத்துவிட்டது. அரசியல் சாசனத்தின் 329-ஆம் ஷரத்து, தொகுதி வரையறைச் சட்டங்களை நியாயஸ்தலத்தில் எதிர்க்கலாகாதென்று விதிக்கிறது. 1964-இல் உஜ்ஜயினிப் பாராளுமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியாக்கப்பட்டபோது, அந்நகரவாசியான மேக்ராஜ் கோத்தாரி அதனை எதிர்த்து வழக்காடினார். ஆணையத்தின் உத்தரவு சட்டத்துக்குச் சமானம், அதனை ஒவ்வொருவரும் வழக்காக்கினால் தேர்தலே நடவாது என்று சுப்ரீம் கோர்ட் 1966-இல் கதவை அடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டுத் தேர்தலில்தான் தென்காசியும் தனித் தொகுதியாயிற்று. இன்றளவும் அவ்வாறே நீடிக்கிறது. அதனைப் பொதுத் தொகுதியாக்க வேண்டுமென்ற மனுவொன்று 2021 ஆகஸ்டில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி ஆகியோர் முன் வந்தது. 2026-க்குப் பிந்தைய ஜனத்தொகைக் கணக்கு வரை மாற்றத்துக்கு இடமில்லையென்று மனுவின் கோரிக்கையை மறுத்த நீதிபதிகள், எவரும் எதிர்பாராத வேறொரு கேள்வியை எழுப்பினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றியதன் பலனாக 1967-இல் தமிழ்நாட்டின் லோக்சபை ஸ்தானங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தனவே, அதற்கு ஈடு என்ன? பதினான்கு தேர்தல்களில் இழந்த 28 பிரதிநிதிகளுக்குத் தலைக்கு 200 கோடி ரூபாய் வீதம் 5,600 கோடி என்று கணக்கும் காட்டினார்கள். பிரதிநிதித்துவத்தை ரூபாயில் நிறுப்பது விசித்திரமாகத் தோன்றலாம். எனினும் 1999-இல் ஒரே வாக்கில் வாஜ்பாய் மந்திரிசபை கவிழ்ந்ததை அவர்கள் நினைவூட்டியபோது, இரண்டு ஸ்தானங்களின் கனம் எவருக்கும் விளங்கியிருக்கும்.

தென்காசித் தொகுதி சாலமாண்டர் அன்று என்பதையும் நடுநிலைமையோடு சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோரின் விகிதம் ஒப்பளவில் மிகுந்த பிரதேசங்களில், ராஜ்யத்தின் பல பாகங்களிலும் பரவலாகத் தனித் தொகுதிகள் அமைய வேண்டுமென்பது சட்டம். இத்தொகுதிக்குள் அடங்கிய ஆறு சட்டசபைத் தொகுதிகளில் ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஆகிய மூன்றும் தனித் தொகுதிகளே. தலைமுறை தலைமுறையாக ஊர்ச்சபையில் அமர இடமற்றிருந்தோருக்குக் கிடைத்த ஓர் ஆசனத்தைப் பிறருக்கு நேர்ந்த நஷ்டமாகவே கணக்கிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் தமிழ்நாட்டின் ஏழு லோக்சபைத் தனித் தொகுதிகளுள் ஸ்ரீபெரும்புதூர், இராசிபுரம், பெரம்பலூர், பொள்ளாச்சி என்ற நான்கின் இடத்தில் 2008-இல் திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், நீலகிரி வந்தமர, சிதம்பரமும் நாகப்பட்டினமும் தென்காசியும் மட்டும் மாறாதிருந்ததன் காரணத்தை வாக்காளர் கேட்பது குற்றமாகாது. பஞ்சாயத்துகளில் சுழற்சிக்குச் சாசனம் இடமளிக்கிறது, லோக்சபைக்கு அவ்விதியில்லை.

அடைத்த கதவு 2024-இல் சற்றே திறந்தது. குஜராத்தின் பர்தோலிச் சட்டசபைத் தொகுதியைத் தனித் தொகுதியாக்கியது பற்றிய வழக்கில், மறுவரையறை உத்தரவு வெளிப்படையான யதேச்சாதிகாரமாகவும் சாசனத்தின் விழுமியங்களுக்கு விரோதமாகவும் இருக்குமானால் நியாயஸ்தலம் அதனைப் பரிசீலிக்கலாமென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உஜ்ஜயினி, தென்காசி, பர்தோலி ஆகிய மூன்று வழக்குகளுமே ஒதுக்கீட்டைப் பற்றியவை. எந்தக் கிராமம் எந்தத் தொகுதியில் சேர்க்கப்பட்டது என்ற கேள்வி மூன்றிலும் எழவில்லை.

அக்கேள்விக்கு உரிய இடமோ வேறு. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியைப் பிரிந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த செங்கோட்டை, இன்று கடையநல்லூர்ச் சட்டசபைத் தொகுதிக்குள் அடங்கியிருக்கிறது. அது இங்கேயே நிலைக்க வேண்டுமா, அச்சன்புதூரும் பண்பொழியும் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புவோர், ஆணையம் நகலைக் கெஜட்டில் பிரசுரித்து, ஆட்சேபணைகளைக் கோரி, பொதுவில் விசாரணை நடத்தும் அந்த இடைக்காலத்தில் மனுவோடு சென்று நிற்கவேண்டும். இறுதி ஆணை வெளியான பின்னர் அந்த மனுவுக்கு அங்கே இடமிருப்பதில்லை.