மாட்டவே மாட்டீங்க: ஒரு விளம்பரத்தின் கதை

"ஏஐ எழுதினதுன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாது." இந்த விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு தி.நகர் ஞாபகம்தான் வந்தது. மாடிப்படி ஓரத்துல 'ஐ ட்ரிபிள் ஈ ப்ராஜெக்ட்ஸ்' போர்டு தொங்குமே, அந்தக் கடைகள். இன்ஜினியரிங் கடைசி வருஷப் பசங்க காசு கொடுத்து ப்ராஜெக்ட்டும் ரிப்போர்ட்டும் வாங்குவாங்க. வைவாவுக்குப் பதில்கூட சொல்லித் தருவாங்க!

2018-ல் யுஜிசி விதி வந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரணும். 40-ஐத் தாண்டினால் ஒரு வருஷம் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உடனே, வார்த்தையை மாற்றி சதவீதத்தைக் குறைத்துத் தருவதும் ஒரு தொழிலாச்சு.

இப்போ ஏஐ. ஆனா கண்டுபிடிக்கிற பக்கமும் யோக்கியம் இல்லை. ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடிச்சது. மனுஷங்க எழுதினதில் 9 சதவீதத்தைத் தப்பா ஏஐன்னு சொன்னது. ஜூலையிலேயே மூடிட்டாங்க. ஒர்காடோ என்ற நிறுவனம் தன் கருவி 98 சதவீதம் துல்லியம்னு விற்றது. சோதனையில் பொதுவான எழுத்துக்கு 53-தான் வந்ததுன்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஏப்ரலில் சொன்னது. கிட்டத்தட்ட பூவா தலையா.

அப்படிப்பட்ட கருவிகிட்ட மாட்டாம தப்பிக்கிறதுல என்ன சாமர்த்தியம்? அதுவும் நாளைக்கே அப்டேட் ஆகலாம். இன்னிக்கு விற்றவர் அதுக்கு எப்படி உத்தரவாதம் தர முடியும்?

பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கு. யுஜிசி விதியிலோ பட்டம் போறது மாணவருக்கு. விற்றவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.